பல்வலிக்கு ஒரு தலையணை

"இந்த விஷயம் நம்ம ரெண்டு பேரைத் தாண்டக் கூடாது. தாண்டினா நான் அந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்!"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாடகைக் காரில், இருக்கையில் பாதியும் காற்றில் பாதியுமாக உட்கார்ந்தபடி புள்ளிக்காரர் எடுத்த சபதம் இது.

"இருக்காம எங்க போவீங்க?" என்றாள் மனைவி. "உங்களால தெருமுனை வரைக்கும் நடக்க முடியாது."

கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சபதத்தின் அடுத்த பகுதி "அம்மா!" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

அவருக்குப் புள்ளிக்காரர் என்று பேர் வைத்தது அச்சகத்துக்காரர்கள். அங்கே அவருக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. அச்சுக்குப் போகும் தாளில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விழாமல் இருந்தால், தாளைத் தூரத்தில் பிடித்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெருவில் பெரும்புள்ளிகள் இரண்டொருவர் இருந்தார்கள். இவர் சிறுபுள்ளி. ஆனால் தவறாத புள்ளி.

ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கிற மனிதர், தம் உடம்பில் ஒன்று கூடிக்கொண்டே போனதை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். முதலில் எலுமிச்சங்காய் அளவு. பிறகு மாங்காய். தானாகவே வற்றிவிடும் என்று இருந்தார். அது வற்றுகிற ஜாதி இல்லை. கால்சட்டையை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போய், "கொஞ்சம் தளர்த்திக் கொடேன்" என்றார். சில மாதம் கழித்து மறுபடி போனார். பிறகு மறுபடி.

அவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைக்கிறவள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கால்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடுப்பு ஏறல. தொடை ஏறல. நடுவுல மட்டும் எப்படிங்க அளவு ஏறும்?"

"துணி சுருங்கியிருக்கும்."

"எந்தத் துணிங்க நடுவுல மட்டும் சுருங்கும்?"

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பார்த்தார், ஒரு சிறு டார்ச்சை வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் வரை தெரிந்தது. "விரைவீக்கம். வெறும் தண்ணிதான் கோத்திருக்கு. சின்ன ஆபரேஷன்" என்றார். தம் உடம்பில் விளக்கு வைத்தால் எரிகிற இடம் ஒன்று உண்டு என்பது புள்ளிக்காரருக்குப் புதுச் செய்தி. இன்னொரு தடவை அடித்துக் காட்டுவாரா என்று கேட்க நினைத்தார். மனைவி பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. பயமெல்லாம் நலம் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றித்தான். வருகிறவர்கள் எல்லாரும் "விரைவில் குணமாகட்டும்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனால் அச்சகத்தில் ஒரே எழுத்தைத் தட்டிப் போட்டால் போதும், நடுவில் இருக்கிற 'வி' போய் 'யி' வந்துவிடும். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அவர் தலைநிமிர்ந்து ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. எழுத்தை நம்பிப் பிழைத்தவருக்கு மானமும் எழுத்தில்தான் இருந்தது.

அதனால்தான் காரிலேயே முடிவு எடுத்தார்.

"யார் கேட்டாலும் பல் ஆபரேஷன்னு சொல்லிடு."

"பல்லுன்னா வாயைத் திறந்து காட்டச் சொல்வாங்களே."

"கடைவாய்ப் பல். உள்ள இருக்கு, தெரியாது."

"இதுவும்தான் உள்ள இருக்கு."

"உன்னால சொல்ல முடியுமா, முடியாதா?"

"சொல்றேங்க. பல்லுன்னே சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்வாதம் இல்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

படுக்கை உள்ளறையில். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு திரைதான். மிஷின் ஓடும், நிற்கும். யாரோ வந்து குசுகுசுவென்று பேசுவார்கள். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு மறுபடி மிஷின். பல்லைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் யோசித்துக்கொண்டு படுத்திருப்பார்.

வலியைப் பற்றியும் நிறைய யோசித்தார். அது விசித்திரமான வலி. அசையாமல் கிடந்தால் தூங்கும். இருமினால் எழுந்து உட்காரும். தும்மினால் எழுந்து நின்று ஆடும். கீழே வெட்டியதற்கு அடிவயிற்றில் ஏன் இழுக்கிறது? தொடையின் உட்பக்கம் தொட்டால் ஏன் வேறு யாருடைய தொடை மாதிரியோ மரத்திருக்கிறது? இதெல்லாம் அவருக்குப் புதிராக இருந்தது. ஒரு நாள் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய கைக்கண்ணாடியையும், மெய்ப்புப் பார்க்கும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, தம்மைத் தாமே மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தார். முழுக்கக் கத்தரிக்காய் நிறம். அதில் நீலம், அதற்குள் மஞ்சள். பலவண்ண அச்சு. வண்ணம் கொஞ்சம் கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தது. மற்றபடி பிழையில்லை.

"என்ன பண்றீங்க?"

பூதக்கண்ணாடி கையிலிருந்து நழுவியது. நல்லவேளை, தலையணையில் விழுந்தது.

"இல்ல... தையல் எப்படி இருக்குன்னு..."

தையல் என்றதும் அவளுக்குத் தொழில் ஆர்வம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "என்னங்க இது, அவசரத்துல போட்ட ஓட்டுத் தையல் மாதிரி இருக்கு. முடிச்சு வேற வெளியில தெரியுது. நான் போட்டிருந்தா தையலே தெரியாது."

"நீ போடலையேன்னுதான் நிம்மதியா படுத்திருக்கேன்."

"அசையாம தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒன்னு போடணும்னு டாக்டர் சொன்னாரே, கடையில வாங்கினது கடிக்குதுன்னீங்களே. அளவு எடுக்கவா?"

அவர் மறுப்பதற்குள் டேப் இறங்கிவிட்டது. சாயங்காலமே ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ ஒரு பெண்ணுக்குச் சட்டை தைத்து மிஞ்சிய துணி. நீலத்தில் மஞ்சள் பூ. "யார் பார்க்கப் போறாங்க?" என்றாள்.

விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி, கண்டக்டரின் மனைவி. கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷமாகிறது. அந்த அம்மாள் கையில் ஒரு மெத்தென்ற தலையணை. இன்னொரு கையில் ஒரு பொட்டலம்.

"அண்ணே, பல்லு எப்படி இருக்கு? இதைக் கீழ வெச்சுக்குங்க. பல்லுக்கு இதமா இருக்கும்."

பல்வலிக்குத் தலையணையைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டுமா? வாயை இதன்மேல் வைத்துக் குப்புறப் படுக்கச் சொல்கிறாளோ? பொட்டலத்தைப் பிரித்தார். வறுத்த கடலை. பல் பிடுங்கினவனுக்குக் கடலையா? பாவம், விவரம் போதாது என்று முடிவு செய்தார். தின்ன ஆசைதான். ஆனால் பல் கதைக்காக அவள் எதிரில் ஒன்றைக்கூட வாயில் போட முடியவில்லை. அவள் போனதும் போட்டார். மெல்லும் சத்தம் முன்னறைக்குக் கேட்டுவிடுமோ என்று நனைய வைத்து விழுங்கினார்.

அடுத்து அச்சகத்து ஃபோர்மேன் வந்தார். கட்டிலிலிருந்து மரியாதையாகத் தள்ளி நின்றார்.

"லீவு லெட்டரைப் பார்த்து பயந்தே போயிட்டோம் சார். 'பல சிகிச்சைக்காக'ன்னு எழுதியிருந்தீங்க. ஒரு மனுஷனுக்கு ஒரே நேரத்துல எத்தனை சிகிச்சைடான்னு முதலாளியே கலங்கிட்டார்."

புள்ளிக்காரர் அந்த லெட்டரை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். 'பல்' என்று எழுதி, வாழ்க்கையில் முதல்முறையாகப் புள்ளியை விட்டிருக்கிறார்.

"அப்புறம் வீட்டம்மாவுக்கு போன் பண்ணினோம். ஒன்னே ஒன்னுதான்னு சொன்னாங்க. அப்பத்தான் உயிர் வந்துச்சு."

"ஆமா, ஒரே ஒரு பல்லுதான்."

"ஆமா ஆமா, பல்லு." ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார். மீசை லேசாக நடுங்கியது. "பார்த்துக்குங்க சார். வெயிட்டு எதையும் தூக்காதீங்க."

"பல்லால யாருய்யா வெயிட்டு தூக்குவாங்க?"

ஃபோர்மேனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே வெளியே போனார். வாசலைத் தாண்டின பிறகு அந்த இருமல் சிரிப்பு மாதிரி கேட்டது. அச்சகத்துத் தூசி மனுஷனை என்ன பாடு படுத்துகிறது என்று புள்ளிக்காரர் வருத்தப்பட்டார்.

ஆனாலும் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. வருகிறவர்கள் யாரும் கன்னத்தைப் பார்ப்பதில்லை. பொய்யில் பலம் போதவில்லை. அடுத்து யார் வந்தாலும் பல் கதையை விலாவாரியாகச் சொல்லி ஆணி அடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

அடுத்து வந்தவர் கண்டக்டர். அப்போது புள்ளிக்காரரின் மனைவி, தைத்து முடித்த துணியைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். கண்டக்டர் உள்ளே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, கட்டில் ஓரத்தில் பதமாக உட்கார்ந்தார். ஆளே வெளிறியிருந்தார்.

"சார்... பல்லு... எப்படி இருக்கு?"

"ஏன் கேட்கறீங்க! ஒன்னுதான் கெட்டுப் போச்சுன்னு போனேன். திறந்து பார்த்தா பக்கத்துல இருந்ததும் சரியில்லையாம். ரெண்டையும் பிடுங்கிட்டாங்க."

"ரெண்டையுமா!"

"ரெண்டையும்."

கண்டக்டர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "மயக்கம் குடுத்துத்தானே?"

"மயக்கமா? நாற்காலியில உட்கார வெச்சு, முழிச்சிருக்கும்போதே. ஒருத்தன் என்னை அழுத்திப் பிடிச்சுக்கிட்டான். டாக்டர் குறடைப் போட்டு இப்படி ஆட்டி, அப்படி ஆட்டி..."

"குறடா?"

"வேர் ஆழம் பாருங்க. வரவே இல்லை. கடைசியில ஒரு காலை நாற்காலியில ஊனிக்கிட்டு ஒரே இழுப்பு!"

கண்டக்டரின் முழங்கால்கள் இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

"இப்போ... அந்த இடம்?"

"வெறும் குழி. சும்மா இருக்க முடியலை. அடிக்கடி நாக்கு அங்கதான் போகுது."

"நாக்கா!"

"என்ன பண்றது, பழக்கம் வரலையே. டாக்டர் ஒன்னும் கவலைப்படாதீங்க, புதுசா ரெண்டு செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கார். கழட்டி மாட்டற மாதிரி. படுக்கும்போது கழட்டி டம்ளர் தண்ணியில போட்டு வெச்சுட்டா, காலையில எடுத்து மாட்டிக்கலாம்."

கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுல... தங்கச்சி என்ன சொல்லுது?"

"அவளா? எந்த டம்ளர்னு அடையாளம் வெச்சிடுங்க, மாத்தி எடுத்துடப் போறேங்கறா."

கண்டக்டர் கால்களை இறுக்கிக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடப்பதுபோல் மேஜை, நாற்காலி, நிலைப்படி என்று பிடித்துக்கொண்டே வெளியேறினார்.

புள்ளிக்காரர் தலையணையில் சாய்ந்தார். இந்தத் திறமையை இத்தனை காலம் பிழை திருத்துவதில் வீணடித்துவிட்டோமே என்று அவருக்கு லேசான வருத்தம்.

மறுநாள் காலையில் முன்னறையில் ஒரே அழுகை. கண்டக்டரின் மனைவி குரல். வார்த்தை விளங்கவில்லை. அழுகை நின்றதும் திரையை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். இடுப்பில் கை.

"நேத்து அந்த மனுஷன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"பல்லு பிடுங்கின கதையைச் சொன்னேன். நீதானே பல்லுன்னு..."

"அவருக்கும் உங்க வியாதிதான். உங்களைவிடப் பெருசு. இப்ப சீழ் பிடிச்சு காய்ச்சலும் வருது. இனியும் தள்ளிப் போட்டா ஒரு பக்கத்தையே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னிக்கு அட்மிட் ஆகணும். பையைக்கூட கட்டி வெச்சாச்சு. இப்ப ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். செத்தாலும் வர மாட்டாராம்."

"பல்லு கதைக்கு அவர் ஏன் பயப்படணும்?"

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "பல்லுக்கே இந்தப் பாடுன்னா அதுக்கு என்ன பாடோன்னு பயந்திருப்பார். போய் உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையையா? நான் போயா?"

"பயமுறுத்தினது நீங்க. நான் போய், 'என் புருஷனுக்கு அங்க ஒன்னும் ஆகலைங்க'ன்னா நல்லா இருக்குமா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஒரு பக்கம் மானம். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரனின் உயிர். மானம் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போராடியது. ஆனால் தாம் மாங்காயை மறைத்துக்கொண்டு சுற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு படியிலும் எண்ணி எண்ணிக் கால் வைத்தது, ராத்திரியில் திரும்பிப் படுக்கப் பயந்தது. அந்தப் பயத்தோடு இன்னொருவன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"அந்த லுங்கியை எடு" என்றார்.

கவராயம் மாதிரிக் காலை அகட்டி அகட்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கண்டக்டரின் அறை தெருப்பக்கம். ஜன்னலும் சாத்தியிருந்தது. தெருவில் நின்று ஜன்னலைத் தட்டினார்.

"கண்டக்டர் சார், திறங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"திறக்க மாட்டேன்! அங்கயிருந்தே சொல்லுங்க!"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வாயை ஜன்னல் இடுக்கில் வைத்தார். "எனக்குப் பல் ஆபரேஷன் இல்லை."

"கேட்கலை! சத்தமா!"

"எனக்குப் பல்லுல ஆபரேஷன் இல்லைங்க! விரையில ஆபரேஷன்!"

"விரைவிலயா? இன்னொன்னு வேறயா?"

"விரைவில் இல்லைய்யா! விரையில்! வி இல்லை, யி! யி!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த ஜன்னலும் திறந்தது. யாரோ துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். எழுத்துப்பிழை கண்ட வேகத்தில் தாம் எவ்வளவு சத்தம் போட்டுவிட்டோம் என்பது புள்ளிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளேயிருந்து கண்டக்டரின் குரல் அலுப்பாக வந்தது. "அதான் தெரியுமே சார்."

"தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். ரெண்டையும் பிடுங்கி டம்ளர்ல போடுவாங்கங்கறதுதான் தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

புள்ளிக்காரருக்கு நேற்றைய பேச்சு முழுவதும் தலைக்குள் ஒருமுறை ஓடியது. குறடு. குழி. நாக்கு. காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆனால் இனி மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே கத்து:

"ரெண்டும் இருக்குய்யா!"

"ரெண்டும் இருக்காம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி பக்கத்து ஜன்னலுக்கு. "ரெண்டும் இருக்காம்" என்றது அடுத்த ஜன்னல். செய்தி தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது.

ஜன்னல் தாழ்ப்பாள் விலகியது. கண்டக்டர் கலைந்த தலையோடு ஜன்னலில் தெரிந்தார். குரல் குழந்தையுடையது மாதிரி இருந்தது.

"வலிக்குமா சார்? பொய் சொல்லாதீங்க."

இந்தத் தடவை புள்ளிக்காரர் நிதானமாக யோசித்துச் சொன்னார். "ஆபரேஷன் தெரியாது. இடுப்புக்குக் கீழ மரக்கட்டை மாதிரி ஆக்கிடுவாங்க. அப்புறம் வலிக்கும். இருமினா, தும்மினா உயிர் போகும். யாராவது சிரிக்க வெச்சா அவனைக் கொல்லத் தோணும். கலரைப் பார்த்தா பயமா இருக்கும், பார்க்காதீங்க. அப்புறம் ஒரு நாள் காலையில எழுந்திருக்கும்போது, எங்க வலிச்சுதுன்னு நீங்களே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்."

"பார்த்தீங்களா, நீங்க கலரை?"

"கண்ணாடி வெச்சே பார்த்தேன்."

கண்டக்டர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்ததும் வலி தாங்காமல் முகத்தைச் சுளித்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "பையை எடு. ரைட், போலாம்."

கார் கிளம்பிப் போகும் வரை புள்ளிக்காரர் வாசலிலேயே நின்று கையசைத்தார். பிறகு அகட்டின காலோடும் பொங்கின கோபத்தோடும் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி மிஷினில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"தெரு முழுக்கத் தெரியுமாமே! பல்லுன்னு சொல்றேன்னு எனக்கு வாக்குக் குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன். சொல்லவும் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "'அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி. பல்லுன்னுதான் சொல்வார். நீங்களும் பல்லுன்னே கேளுங்க. அவர் பல்லுங்கிற இடத்துல எல்லாம் நீங்க அதைப் போட்டுப் புரிஞ்சுக்குங்க'ன்னு வந்தவங்க ஒருத்தர் விடாம சொன்னேன். பாவம் கண்டக்டர், நான் சொன்னபடியே புரிஞ்சுக்கிட்டார்."

புள்ளிக்காரரின் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"வாயை மூடுங்க" என்றாள் அவள், மிஷினை மிதித்தபடி. "முப்பத்திரண்டும் தெரியுது."